சோடியத்தையும் கேட்ட எங்கள் அக்காவுக்கு

இதயச் செல்களின் துடிப்பை எண்ணி எண்ணியே இளமையைச் செலவிட்ட எங்கள் ஆய்வுக்கூடத்தின் அக்காவே! முப்பத்து நான்கு ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் முதுகு வளைந்தும், மேலிடத்தின் முன் ஒருநாளும் வளையாத மாண்பே! நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்த விழாவில் எங்கள் வணக்கம்.

செல் சுருங்கக் கால்சியம் வேண்டும் என்பது ஊரறிந்த செய்தி. மின்துடிப்போடு முந்தி ஓடி வருவது சோடியம். பின்னாலேயே கால்சியம் நுழைகிறது, செல் இறுகுகிறது. வேலை முடிந்த கால்சியத்தை வெளியேற்றுவது யார்? மூன்று சோடியம் உள்ளே வந்தால்தான் ஒரு கால்சியம் வெளியே போகும், செல் தளரும் என்று சலிக்காமல் சொன்னவர் நீங்கள். "வந்தவனை மட்டும் பாக்காதீங்கப்பா, வழியனுப்புறவனையும் பாருங்க!" கால்சியத்துக்கு மாலை போட்டுக் களித்த கூட்டத்தில், சோடியத்துக்கும் ஒரு நாற்காலி போட்டவரே!

அந்தச் செவ்வாய்க்கிழமையை மறப்போமா? புது மருந்தைச் சோதித்த தட்டில் செல்கள் எல்லாம் இறுகியபடியே நின்றுவிட்டன. "மருந்து விஷம், மூடுங்க" என்றார் இயக்குநர். கால்சிய அளவைக் காட்டித் திரையில் ஓடிய கோடும் அவர் பக்கமே சாட்சி சொன்னது. நீங்கள் மட்டும், "சோடியத்தைக் கேட்டீங்களா சார்?" என்றீர்கள். குப்பியின் சீட்டைப் பார்த்தால், செல்களுக்கு ஊற்றிய கரைசலில் சோடியமே இல்லை! வேறு சோதனைக்குக் கலக்கியதை எங்களில் ஒருவர் மாற்றி ஊற்றியிருந்தார். யார் என்று இன்றுவரை நீங்கள் கேட்கவில்லை. "புதுத் தட்டு எடுங்க கண்ணுங்களா" என்றதோடு சரி. மருந்து பிழைத்தது. அன்று முதல் ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு கோடுகள்: கால்சியத்துக்குச் சிவப்பு, சோடியத்துக்கு நீலம்.

நேற்று வந்தது சுற்றறிக்கை. திங்கள் முதல் கால்சியம் மட்டும் போதுமாம். சோடியத்தை ஒளிரவைத்து அளக்கும் நுண்ணோக்கி விளக்கைக் கழற்ற வேண்டுமாம். நீங்கள் படியிறங்கக் காத்திருந்தார்கள் போலும்! இயக்குநர் அவர்களே, முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள், நன்றாகவே கேட்கும்: கழற்ற மாட்டோம். அரைச் சாட்சியை வைத்துக்கொண்டு ஒரு மருந்தை நல்லதென்றும் எழுத மாட்டோம், கெட்டதென்றும் எழுத மாட்டோம். அதை விழுங்கப் போகிறவருக்கு இருப்பது ஒரே இதயம்.

அக்கா, நிம்மதியாகப் போய் வாருங்கள். முதுகு வலி தீர்ந்து, மூச்சு முட்டாமல் மாடியேறி, நினைத்த நேரத்தில் எழுந்து, நீண்ட காலம் நலமாக வாழுங்கள்! திங்கள் காலை நீலக்கோடு ஓடும்.

இப்படிக்கு,
அந்தச் சுற்றறிக்கையின் அடியில் ‘படித்தேன், ஒப்புகிறேன்’ என்றிருந்ததில் ‘ஒப்புகிறேன்’ என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்திட்ட
ஆய்வுக்கூட ஊழியர்கள் பதினொருவரும்.