பார்டரைப் பார்க்காமல் ஸ்கேன்

வேலூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில், பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர் வைரஸ் புகுந்த கம்ப்யூட்டரை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் அதைப் பழுது பார்க்கிறவர். ஆரணியைத் தாண்டும் முன்பே விசாரணை தொடங்கிவிட்டது.

“ஆன்டிவைரஸ் இருந்தும் ஏன்ணா ஸ்கேன் ஓடல?”

“எல்லா ஃபோல்டரையும் தொறந்து பாக்கணும்னு கேட்டுகினே இருந்துச்சு. வேணாம்னு அமுக்கிட்டேன்.”

“ஏன்?”

“உள்ள கல்யாணச் சேலை பார்டர் இருக்குதுப்பா. நாளைக்குத் தறியில ஏத்தணும். நெஞ்சு முடிச்சு தறியிலேர்ந்து சேலைய அறுத்து எடுக்கறவரைக்கும் என் பொண்டாட்டிக்கே காட்ட மாட்டேன்.”

“ஸ்கேன் பண்ணலன்னா பார்டரே அழிஞ்சிடும்ணா. வைரஸ் மட்டும் உள்ள குந்திகினு பாக்கலாமா?”

“அது பாக்கட்டும். அதுக்குத் தறி இல்லையே.”

“ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரன் மட்டும் தறி வச்சிருக்கானா?”

எனக்கும் கம்ப்யூட்டர் வேலைதான்; ஸ்கேன் ஓடாவிட்டால் செய்ய வேண்டியவை அத்தனையும் வரிசையாகத் தெரியும். இந்தக் காரணம் எந்த வரிசையிலும் இல்லை.

டிசைன்காரர் கண்ணமங்கலம் வரை யோசித்தார்.

“சரி, ஓட்டு. ஆனா அந்தக் கம்பெனிக்காரனுக்குக் காஞ்சிபுரத்துல மாமனார் வீடு இல்லன்னு நீ எழுதிக் குடு.”