சத்தம் போடாத வண்டி

மனைவி: என்னங்க, மறுபடியும் முட்டியா?

டைல்ஸ்காரர்: முட்டியும் இல்ல, கிட்டியும் இல்ல. புதுச் செருப்பு. கடிக்குது.

மனைவி: செருப்பு கடிச்சா பாதத்தப் புடிப்பாங்க. நீங்க முட்டியில்ல புடிக்கிறீங்க?

டைல்ஸ்காரர்: பெரிய செருப்பு. எட்டிக் கடிக்குது. நீ முன்னால நட. உன் தம்பி ஷெட்டுக்குக் கார் பாக்க வந்தா, வாசல்லயே விசாரணை வைக்கிற...

மெக்கானிக்: வாங்க மாமா. வாக்கா. பாத்து, அங்க ஆயில் கொட்டிக் கெடக்கு... ஏன் மாமா நொண்டுறீங்க?

மனைவி: செருப்பு கடிச்சிருச்சாம்டா. முட்டியில.

டைல்ஸ்காரர்: அக்காளும் தம்பியும் ஆரம்பிச்சிட்டீங்களா? வண்டி எங்க மாப்ள?

மெக்கானிக்: கண்ணு முன்னாலதான் நிக்குது. வெள்ளை.

டைல்ஸ்காரர்: இதுவா? சார்ஜ் போட ஒயரு எங்க? எங்க வீட்டுல காலியா ஒரு பிளக்கு கெடையாது. இருந்த ஒண்ணையும் உங்கக்கா ஃபோன் புடிச்சுக்கிச்சு.

மெக்கானிக்: ஒயரே வேணாம் மாமா. இது ஹைப்ரிட். பெட்ரோல் இன்ஜினும் இருக்கு, கரண்ட் மோட்டாரும் இருக்கு. ஓடுறப்பவும் பிரேக் அமுத்துறப்பவும் அதுவே சார்ஜ் ஏத்திக்கும்.

டைல்ஸ்காரர்: ஒட்டு மாங்கன்னு மாதிரின்னு சொல்லு. கீழ ஒரு மரம், மேல ஒரு மரம்.

மெக்கானிக்: அதேதான்.

டைல்ஸ்காரர்: ஒட்டு நல்லா ஒட்டியிருக்கணும். ஒட்டுறதப் பத்தி எங்கிட்ட கதை விடாத. இருவத்திரெண்டு வருஷமா மண்டி போட்டு ஒட்டுறேன்.

மனைவி: ஆமா, செருப்பு கூட அதனாலதான் கடிக்குது.

மெக்கானிக்: மாமா, பன்னெண்டு மணிக்கு வேற ஒரு குடும்பம் பாக்க வருது. ஓனரம்மா ரிட்டயர்ட் நர்சு, நல்ல மனுஷி. கண்ணு சரியாத் தெரியலன்னு ரெண்டரை மாசம் முன்னால வண்டிய இங்க விட்டுட்டாங்க. சும்மா நிறுத்துனா பேட்டரி எறங்கிரும், வாரத்துக்கு ரெண்டு தரம் ஓட்டி வைன்னு சொல்லிட்டுப் போனாங்க. உங்க வேன் செத்து மூணு வாரமாச்சு. விலையும் பேசியாச்சு. வேணும், வேணாம்... நீங்க ஒரு வார்த்த சொல்லணும்.

டைல்ஸ்காரர்: அதுக்குத்தானே வந்திருக்கேன். நாளைக்குப் புது சைட்டு. இருவது கிலோமீட்டர். பசங்க ஸ்கூலு ஒரு பக்கம், இவ வேலை செய்யற ஆஸ்பத்திரி இன்னொரு பக்கம். ஊருக்கு வெளிய வீட்ட வாங்கிட்டு, காக்கா மாதிரி பறந்துக்கிட்டு இருக்கேன்.

மெக்கானிக்: உங்க ரோட்டுக்குன்னே செஞ்ச வண்டி மாமா. நூறு அடிக்கு ஒரு சிக்னல், நடுவுல ஸ்பீடு பிரேக்கர். நின்னு நின்னு போற ரோட்டுலதான் இது பெட்ரோல மிச்சம் புடிக்கும். நிக்கிறப்ப இன்ஜின் தூங்கும்.

மனைவி: ஏங்க... பக்கத்து ஷெட்டுல ஒரு டீசல் வேன் நிக்குதே. ஏழு சீட்டு. டைல்ஸ் பெட்டியும் ஏத்தலாம். அதையே எடுத்தா என்ன?

டைல்ஸ்காரர்: அது... அது வேணாம்.

மனைவி: ஏன்? கிளட்ச்ச மிதிச்சு கியர் போட்டு ஓட்டுறதுதான் வண்டி, மத்ததெல்லாம் பொம்மைன்னு சொல்ற ஆளாச்சே.

டைல்ஸ்காரர்: காலம் மாறுதில்ல?

மனைவி: போன மாசம் வரைக்கும் மாறல.

டைல்ஸ்காரர்: இப்ப மாறிருச்சு! உன் ஃபோன் அடிக்குது பாரு, சின்னவன்தான். போய் என்னன்னு கேளு.

மனைவி: கேக்குறேன், கேக்குறேன்... ஹலோ! டேய், அக்கா முடிய விடுடா மொதல்ல...

மெக்கானிக்: மாமா, இன்னும் சொல்லலையா?

டைல்ஸ்காரர்: மெதுவாப் பேசு.

மெக்கானிக்: டாக்டர் என்ன சொன்னாரு, நீங்க என்ன பண்றீங்க? எடது முட்டி தேஞ்சு போச்சு, கிளட்ச் மிதிக்காத, மண்டி போடாதன்னு சொல்லியாச்சு. அக்காகிட்ட எத்தன நாளைக்கு மூடி வைப்பீங்க?

டைல்ஸ்காரர்: சொன்னா நாளைக்கே வேலைக்குப் போகாதேம்பா. ரெண்டு ஷிப்டு பாக்குறேன்னு நிப்பா. ஏற்கெனவே ஆஸ்பத்திரித் துணியெல்லாம் தொவச்சு அவ கையி வெந்து போயிருக்கு. நான் இனிமே நின்னுக்கிட்டு ஒட்டுற சுவர் வேலையா எடுத்துக்குவேன். கிளட்ச் இல்லாத வண்டியா ஒண்ணு கெடச்சாப் போதும், ஓட்டிருவேன். வீட்டுல ஓட்டத் தெரிஞ்சது நான் ஒருத்தன்தானே?

மெக்கானிக்: ஆங்... ஆமா. ஒருத்தர்தான்.

டைல்ஸ்காரர்: என்ன இழுக்குற?

மெக்கானிக்: தொண்டை மாமா. பெயிண்ட் புகை.

மனைவி: என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?

டைல்ஸ்காரர்: டிக்கி எப்படித் தொறக்குறதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

மனைவி: நம்பருக்கு மேல, உள்பக்கமா ஒரு ரப்பர் பட்டன். அமுத்துங்க.

டைல்ஸ்காரர்: ...தொறந்துருச்சு. உனக்கெப்படித் தெரியும்?

மனைவி: ஃபோன்ல வீடியோ பாத்தேன். கார் வாங்கப் போறோம், பாக்க மாட்டாங்களா?

டைல்ஸ்காரர்: மாப்ள, அந்தப் பைய எடு. ரசமட்டம் இருக்கும்.

மெக்கானிக்: டிக்கிக்கு ரசமட்டமா!

டைல்ஸ்காரர்: தரை மட்டமா இருக்கான்னு பாக்க வேணாமா? ...ம். நீர்க்குமிழி நடுவுலதான் நிக்குது. பரவால்ல. சிமென்ட் மூட்ட வைக்கலாம்.

மெக்கானிக்: ஐயோ, அது மட்டும் வேணாம்! பின்சீட்டு ஓரத்துல சல்லடை மாதிரி இருக்கு பாருங்க, அது பேட்டரி மூச்சு விடுற ஓட்டை. உங்க சிமென்ட் தூசி போச்சுன்னா அடச்சிக்கும். சூடாயிரும்.

டைல்ஸ்காரர்: என்னய்யா இது, தூசி ஆகாது, மூச்சு முட்டும்... எங்க வீட்டுக்கு இன்னொரு மருமகளா?

மனைவி: முதல் மருமக நான் தூசியிலதானே குடும்பம் நடத்துறேன்? இதுவும் பழகிக்கும். கட்டர், வாளி எல்லாத்தையும் மூடி போட்ட டப்பாவுல வைக்கலாம். தினம் ராத்திரி நான் அந்தச் சல்லடையத் தொடச்சிடுவேன்.

மெக்கானிக்: ஏறி உக்காருங்க மாமா. பிரேக்க மிதிச்சுக்கிட்டு அந்தப் பட்டன அமுத்துங்க.

டைல்ஸ்காரர்: அமுத்திட்டேன். ஸ்டார்ட் ஆகல.

மெக்கானிக்: ஆயிருச்சு.

டைல்ஸ்காரர்: எங்க ஆச்சு? சத்தமே காணோம். இன்னொரு தரம் அமுத்துறேன்.

மெக்கானிக்: இப்ப ஆஃப் பண்ணிட்டீங்க.

டைல்ஸ்காரர்: சரி, மறுபடி... ம்ஹூம், செத்த வண்டிய என் தலையில கட்டப் பாக்குற. இந்தா, கியரப் போட்டாக்கூட அசைய மாட்டேங்குது. பிரேக்க விட்டா...

மனைவி: விடாதீங்க! பிரேக்க விடாதீங்க! ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு! பச்சையா எழுத்து தெரியுதில்ல, அப்படீன்னா ரெடின்னு அர்த்தம். விட்டீங்கன்னா ஊர்ந்துரும்!

டைல்ஸ்காரர்: ...அடேயப்பா. காது கிழியுது. வண்டி போடாத சத்தத்தையும் சேத்து நீ போடுற.

மெக்கானிக்: அக்கா வீடியோ நெறைய பாத்திருக்கு மாமா.

மனைவி: நீ வாய மூடு.

டைல்ஸ்காரர்: பின்னாடி தெரியுற டிவி கூட இருக்கே. இந்த மாதிரி ஒண்ணு குப்பை வண்டிக்காரன் வெச்சிருந்தான்னா நம்ம கேட்டுத் தூணு தப்பிச்சிருக்கும். பாவிப்பய, அஞ்சு டைல்ஸ ஒடச்சுப்புட்டான்.

மனைவி: அதையே ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டு...

டைல்ஸ்காரர்: சொல்லாம? நடுத்தெருவுல நிறுத்திக் கேட்டேன்ல! தெருவே வேடிக்க பாத்துச்சு. கடைசியில தப்பு என்னுதுதான்னு ஒத்துக்கிட்டுப் போனான் பாரு!

மெக்கானிக்: டீ சொல்லட்டுமா மாமா?

டைல்ஸ்காரர்: இரு. எறங்கி ஒரு சுத்து தட்டிப் பாத்துடறேன்.

மெக்கானிக்: தட்டியா?

டைல்ஸ்காரர்: தட்டிப் பாக்காம நான் ஒரு கல்ல விட்டது கெடையாது. கீழ சிமென்ட் புடிக்கலன்னா பொக்குன்னு காட்டிக் குடுத்துரும். ...முன்கதவு, டங். பின்கதவு, டங். நல்லா இருக்கு. இந்த மூலை... டொப். 

மெக்கானிக்: மாமா, டீ...

டைல்ஸ்காரர்: டொப். இங்க கேளு, டங். இங்க, டொப். மாப்ள, பின்பக்கம் எடது மூலையில தகரத்துக்கு மேல பட்டி பூசியிருக்கு. வண்டி இடி வாங்கியிருக்கு.

மெக்கானிக்: சின்ன நசுங்கல். நான்தான் சரி பண்ணேன். ஓனரம்மாவுக்குத் தெரியும், அவங்ககிட்ட மறைக்கல.

டைல்ஸ்காரர்: எங்கிட்ட மறச்சியே? முழுப் பூசணிக்காய பெயிண்டுல மறைக்கிறான் பாரு. யாரு இடிச்சது, நர்சம்மாவா?

மெக்கானிக்: இல்ல...

டைல்ஸ்காரர்: நீயா?

மெக்கானிக்: நான் பக்கத்துல இருந்தேன்.

டைல்ஸ்காரர்: பக்கத்துலயா? எதுல இடிச்சீங்க?

மெக்கானிக்: ஒரு தூண்ல.

டைல்ஸ்காரர்: எந்தத் தூணு? ...இரு, பம்பர் இடுக்குல ஏதோ சிக்கியிருக்கு. அந்த ஸ்க்ரூ டிரைவரக் குடு.

மனைவி: கல்லா இருக்குங்க, ரோட்டுக் கல்லு. விடுங்க.

டைல்ஸ்காரர்: கல்லுதான். ஆனா ரோட்டுக் கல்லு இல்ல. டைல்ஸ் சில்லு... பச்சை. 

மெக்கானிக்: அக்கா, நான் வேணா...

டைல்ஸ்காரர்: இந்தப் பச்சைய எந்தக் கடையிலயும் வாங்க முடியாது. கம்பெனி போடறதையே நிறுத்திட்டான். ஒரு வேலையில மிஞ்சுனது நாப்பது கல்லு. நாப்பதையும் ஒரே எடத்துலதான் ஒட்டுனேன். எங்க வீட்டுக் கேட்டுத் தூண்ல. யாருய்யா ஓட்டுனது?

மனைவி: நான்தான்.

டைல்ஸ்காரர்: நீயா? உனக்கு சைக்கிளே...

மனைவி: இப்ப லைசன்ஸே இருக்கு. இந்தாங்க, பர்சுலதான் வெச்சிருக்கேன். ஃபோட்டோவப் பாத்து சிரிக்காதீங்க.

டைல்ஸ்காரர்: ...எப்ப இதெல்லாம்?

மெக்கானிக்: வாரத்துக்கு ரெண்டு தரம் ஓட்டி வைன்னு ஓனரம்மா சொன்னாங்களா... அக்கா கத்துக்கணும்னு சொன்னாங்க, நானே அவங்ககிட்ட கேட்டேன். தாராளமான்னு சொல்லிட்டாங்க. ஒரு நாள் கத்துக்கிட்டு வந்து வீட்டு வாசல்ல ரிவர்ஸ் எடுத்தாங்க. நிறுத்துனாங்க. சத்தமே இல்லையா, ஆஃப் ஆயிருச்சுன்னு நெனச்சு பிரேக்க விட்டுட்டாங்க. டிவியில தூணு பெருசாயிக்கிட்டே வருது. "டேய், தூணு வருதுடா, தூணு வருதுடா"ன்னு கத்துறாங்க!

மனைவி: சிரிக்காதடா!

டைல்ஸ்காரர்: தூணு வந்துச்சா! நான் கட்டுன தூணு நடந்து வந்துச்சா!

மனைவி: நீங்களும் இப்பத்தான் மூணு தரம் பட்டன அமுத்துனீங்க. ரொம்பச் சிரிக்க வேணாம்.

டைல்ஸ்காரர்: சரி, சரி... ஆனா எதுக்குடி இப்படித் திருட்டுத்தனமா? எங்கிட்ட கேட்டா நான் சொல்லித்தர மாட்டேனா?

மனைவி: கேட்டா, உனக்கெதுக்கு, நான் இருக்கேன்லம்பீங்க. ஆஸ்பத்திரியில தெனம் ஐநூறு துணி தொவைக்கிறேன். பையில கைய விட்டுப் பாக்காம ஒண்ண மெஷின்ல போட மாட்டேன். உங்க சட்டைய மட்டும் அப்படியே போடுவேனா? டாக்டர் எழுதுன சீட்டு. நாலா மடிச்சு வெச்சிருந்தீங்க. அதுக்கு முன்னாலயே தெரியும். வேன்ல கிளட்ச் மிதிக்கிறப்ப எடது காலக் கையால தூக்கி வைப்பீங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஜன்னலப் பாப்பேன்.

டைல்ஸ்காரர்: மாப்ள, உனக்கு ரெண்டு பக்கமும் தெரியுமா?

மெக்கானிக்: நீங்க சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனீங்க. அக்காவும் வாங்குச்சு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சும்மாவா சொன்னாங்க?

மனைவி: ஆறு மாசம் சுவர் வேலை மட்டும் எடுங்க. காலையில பசங்கள ஸ்கூல்ல எறக்கி, உங்கள சைட்டுல எறக்கிட்டு நான் ஆஸ்பத்திரி போறேன். ஒரு மணி நேரம் தள்ளி வரேன்னு கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. இனிமே நீங்க சீட்டுல சாஞ்சுக்கிட்டு ஜன்னலப் பாருங்க.

டைல்ஸ்காரர்: ...இடிச்ச வண்டி.

மனைவி: நம்ம இடிதானே?

டைல்ஸ்காரர்: அதுவும் சரிதான். மாப்ள, ஓனரம்மாவுக்கு ஃபோன் போடு. வண்டி எங்களுக்குத்தான்னு சொல்லு. பன்னெண்டு மணிக்காரங்க டீ குடிச்சிட்டுப் போகட்டும்.

மெக்கானிக்: சாவி மாமா.

டைல்ஸ்காரர்: அவகிட்ட குடு. தூணு எதுவும் குறுக்க ஓடி வராமப் பாத்துக்கறேன், நான் பக்கத்துல உக்காந்து.

மனைவி: ஏறுங்க. பாத்து, முட்டி.

டைல்ஸ்காரர்: ஏய்... இரு. எடுக்காத. அப்போ அந்தக் குப்பை வண்டிக்காரரு?

மனைவி: ம்.

டைல்ஸ்காரர்: இடிக்கலையே அவரு! நான் அந்த மனுஷன வாய்க்கு வந்தபடி பேசுனேனே... இடிக்காதவரு ஏன் தப்பு என்னுதுன்னு சொன்னாரு?

மனைவி: நாங்க இடிச்சப்ப அவரு தெரு முனையில நின்னு பாத்துக்கிட்டுதாங்க இருந்தாரு. மறுநாள் நீங்க கத்துறப்ப நான் கேட்டுக்குப் பின்னால நின்னேன், என்னைப் பாத்தாரு. நான் சொல்லிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். உடனே "தப்பு என்னுதுதாங்க"ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. நாளைக்கு ஆறரை மணிக்கு வருவாரு, ரெண்டு பேரும் வாசல்ல நிக்கணும். அவருக்கு ரெண்டு மன்னிப்பு பாக்கி இருக்கு. நீங்க கத்துனதுக்கு ஒண்ணு, நான் வாயத் தொறக்காததுக்கு ஒண்ணு.