குழுவிலிருந்து நீக்கப்பட்ட நிங்கப்பா ஹடபத் அவர்களுக்கு

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். காலை இரங்கல் கூட்டத்தில் நானே படிக்கும்வரையாவது! முக்கியமாக அப்பாவிடம் காட்டாதீர்கள்.

மேடையில் வீற்றிருக்கும் குடியிருப்புச் சங்கத் தலைவரும் என் தந்தையுமான ஈரண்ணா கரிகௌடர் அவர்களே! செயலாளர் ஷைலக்கா அவர்களே! கூடியிருக்கும் பெரியோர்களே! பத்தாம் வகுப்பு மாணவி பேசுகிறேன். "சின்னப் பிள்ளை அழகா நாலு வார்த்தை சொல்லட்டும்" என்று நீங்கள்தான் என்னை இங்கே பேச நிறுத்தினீர்கள்.

ஹுப்பள்ளி பேருந்து நிலையத்தில் முப்பத்தோர் ஆண்டு அறிவிப்பாளராக இருந்தவர் நம் நிங்கப்பா ஹடபத் அவர்கள். ஓய்வு பெற்றபின் அறிவிப்பதை நிறுத்தினாரா? இல்லை! அதிகாலை நாலரைக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செம்பருத்திப் படம் வரும். அதன் கீழே, "எல்லாருக்கும் வணக்கம். தண்ணி ஆறு மணிக்கு. பி பிளாக் லிஃப்ட் ஓடாது. கணக்குப் பரீட்சைக்குப் போற பிள்ளைங்க காம்பஸ் இருக்கான்னு பாத்துக்குங்க."

அதைப் படித்துத்தான் நான் பாதிப் படியிலிருந்து திரும்பி ஓடினேன். இது குற்றமா? குற்றம் என்றீர்கள்! "கெழவருக்குத் தூக்கம் வரலன்னா ஊருக்கே வரக்கூடாதா?" என்றார் ஷைலக்கா. அப்பாவுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. ஃபோனை என்னிடம் நீட்டினார். "அவரக் குரூப்புலேருந்து தூக்கிடு." தூக்கியது நான். நான்தான்!

மறுநாளே நிங்கப்பா தாத்தா, நான் கூப்பிடும் அஜ்ஜா, வந்தார்.

"யவ்வா, இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கு. படிச்சுச் சொல்லு."

'நீங்கள் இனி உறுப்பினர் அல்ல' என்றிருந்தது.

"நெட்வொர்க் இல்லையாம், அஜ்ஜா."

"அவ்வளவுதானா? எம்மேலதான் ஏதோ கோபம்னு நெனச்சேன்."

பிறகு ஒருநாள் லிஃப்டில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார். "குரூப்புல போட்டிருக்கே! அடடே, உங்களத்தான் தூக்கியாச்சே" என்று சிரித்தீர்கள், ஷைலக்கா. அன்றோடு அவர் கீழே இறங்கவில்லை. ஐந்து மாதம்! சவரம் இல்லை. சாப்பாட்டு கேரியர் வாசலிலேயே ஊசிப்போனது. மருத்துவரை அழைப்போம் என்று ஒருவராவது சொன்னோமா? "வயசாச்சு, அப்படித்தான்" என்றோம். எத்தனை சுலபம்!

அவர் இறந்த செய்தியை அதே குழுவில்தான் போட்டோம். நூற்றுப் பன்னிரண்டு கும்பிடு வந்தது. உயிரோடு இருந்தவரின் கதவை அதில் ஒரு கை தட்டியிருக்கக் கூடாதா?

போன வாரம் அப்பா மறுபடியும் ஃபோனை நீட்டினார். சி பிளாக் காசவ்வா பாட்டி ராத்திரியெல்லாம் குழுவில் பாட்டுப் போடுகிறாராம். "தூக்கியாச்சு" என்றேன். பொய். தூக்கவில்லை. தூக்கமாட்டேன்! நிங்கப்பா அவர்களின் பெயரால் சொல்கிறேன், இனி காலை அறிவிப்பை நான் செய்வேன். வீடு வீடாகப் போய், வாயால். தனியாக இருப்பவர்கள் கதவில்தான் முதலில். திறக்கும்வரை நகரமாட்டேன். நீங்களும் என்னோடு

கதவு தட்டுகிறது. அப்பா.

"ஏய், இன்னும் லைட் எரியுது? எந்திரி. அந்தக் காசவ்வா எப்படிடி இன்னும் குரூப்புல