சேராத படிகங்கள்

காசிமேட்டில் மீன் வாங்குவதில் எனக்கும் என் மனைவி சாராவுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை, சார். கூடையில் ஒரு சங்கரா நாறினாலும் அவள் அடுத்த கூடைக்குப் போய்விடுவாள். நான் அந்த ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்துக்குப் பேரம் பேசுவேன். இத்தனை வருஷம் அப்படித்தான் தின்றோம், யாருக்கும் வயிற்றைக்கூட வலித்ததில்லை.

என் வேலையும் ஏறக்குறைய அதுதான். மணலிப் பக்கம் மருந்துக் கம்பெனி. மருந்துப் படிகத்தை எக்ஸ்-ரே கதிரில் வைத்துத் திருப்பினால் ஆயிரக்கணக்கில் புள்ளிகள் விழும். கதிர் பட்டே படிகம் பாதியில் கெட்டுவிடும், அதனால் பல படிகங்களில் எடுப்போம். ஒன்றில் புள்ளிகள் பளிச்சென்று இருக்கும், இன்னொன்றில் மங்கல். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, சேர்த்து, சராசரி எடுத்தால் மருந்தின் மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியும். முரண்டு பிடிக்கும் படிகத்தைச் சேர்க்காமல் விடலாம். அது மோசடி இல்லை சார், இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது.

இந்த மாத்திரை தாறுமாறான இதயத் துடிப்பைச் சீராக்குவது. தயாரிப்பு முறையை மாற்றியிருந்தார்கள். படிகம் பழையபடியே இருக்கிறது என்று நான் சொன்னால்தான் சரக்கு வெளியே போகும். எடுத்தவற்றில் நான்கு படிகங்கள் மட்டும் மற்றவற்றோடு சேரவில்லை. அவற்றை விலக்கினேன். கணக்கு அழகாக வந்தது.

என்னோடு வேலை பார்த்த செங்குட்டுவன் ஒத்துக்கொள்ளவில்லை. திருவொற்றியூர்க்காரன், என்னைவிட நன்றாகப் படித்தவன்.

"ஒடஞ்ச படிகம்னா ஒவ்வொண்ணும் ஒரு தினுசா தப்பா இருக்கணும் சார். இந்த நாலும் ஒரே மாரி தப்பா கீதே" என்றான்.

அவன் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அந்த நான்கிலும் மூலக்கூறுகளின் அடுக்கே வேறு. மருந்து அதே மருந்துதான், ஆனால் வயிற்றில் மெல்லக் கரையாமல் ஒரேயடியாகக் கரைந்து இதயத்தைத் தாக்கக்கூடியது. ஆனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை. எண்ணூர்ச் சாலையில் லாரிகளுக்கு நடுவே தினமும் போய் வந்து உடம்பு ஓய்ந்திருந்தது. அதனால் அவனிடம், "என் பொண்டாட்டிக்கே இதத்தான் குடுக்கப் போறேன், போதுமா?" என்றேன். பாவம், தன் மேஜைக்குத் திரும்பிப் போனான்.

சாராவுக்கு ஏற்கெனவே படபடப்பு உண்டு. சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை நான். அந்தச் சரக்கிலிருந்தே மாத்திரை அட்டை எடுத்துவந்து தினம் காலையில் என் கையாலேயே கொடுத்தேன்.

ஒரு வாரம் போனதும், "இன்னாங்க, இத்தப் போட்டா நெஞ்சு திடுதிடுன்னு அட்ச்சிக்கினு கீது. பழைய மாத்திரையே வாங்கியாந்துடுங்க" என்றாள்.

பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசாவும் இதையேதான் போடுகிறாள், அவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று சொன்னேன். அடுத்த நாளும் சாரா கையை நீட்டி வாங்கிப் போட்டுக்கொண்டாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, நோயாளிகளுக்கு நெஞ்சு திடுதிடுவென்று அடிப்பதாக இரண்டு மூன்று டாக்டர்கள் கம்பெனிக்குத் தெரிவித்திருந்தார்கள். அதே சரக்கை மறுபடி பார்க்கச் சொன்னார்கள். கூடுதலாகப் படிகங்களை எடுத்துப் பார்த்தேன். இந்த முறை நான்கு இல்லை சார், பாதிக்குப் பாதி சேரவில்லை.

அந்தப் பாதியை விலக்கினேன். கணக்கு முன்பைவிட அழகாக வந்தது. சரக்கில் குறையில்லை என்று கையெழுத்துப் போட்டேன். கடைகளிலிருந்து திரும்பி வந்திருக்க வேண்டிய மாத்திரை அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் ரஹீமுன்னிசா போனாள். தண்டையார்பேட்டையில் ஒரு கிரேன் ஓட்டுநர், சடையங்குப்பத்தில் பூமாரி என்ற பெண், இன்னும் மூன்று பேர்.

தெரிந்துதான் செய்தாயா என்று கேட்டீர்கள். தெரிந்துதான். செங்குட்டுவன் உங்களிடம் கொடுத்த எக்ஸ்-ரே படங்கள் எல்லாம் உண்மை. அவற்றை நான் அழிக்கவில்லை. எதையும் அழிக்கிறவன் இல்லை நான், சேர்க்காமல் விட்டேன், அவ்வளவுதான். இரண்டாம் தடவை ஏன் நிறுத்தவில்லை என்றும் கேட்டீர்கள். நிறுத்தியிருந்தால் முதல் தடவை நடந்ததற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு என்னிடம் தெம்பில்லை.

புழல் ஜெயிலுக்கு எப்போது அனுப்பினாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை. கொஞ்சம் தூங்கினால் போதும். எழுதிய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள், எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. செத்தவர்கள் ஏழு பேர் என்று இருக்கிறது. ஆறு பேரை நான்தான் கொன்றேன், அதில் மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் சாரா அந்தக் கணக்கில் சேரமாட்டாள் சார். அவளுக்கு முன்பே படபடப்பு இருந்தது, அவள் கதை வேறு. அவளை எடுத்துவிடுங்கள், மிச்சம் சரியாக இருக்கும், கையெழுத்துப் போடுகிறேன்.