ஒராள் குடிக்கிற தேத்தண்ணி

யுத்த காலத்தில், கொழும்புக் கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இளைஞனும் பெண்ணும் ஒரே தேயிலைக் கம்பனியில் வேலை செய்பவர்கள்.

“அக்கா, வெள்ளவத்தையில ஒராள் நாளைக்கு எத்தினை தேத்தண்ணி குடிக்கும்?”

“ஏன் தம்பி?”

“சனத்தின்ர பழக்கம் பாத்துத்தான் பக்கெட் போடோணுமாம். வீடு வீடாப் போய் எத்தினை பேர் இருக்கினம் எண்டும் கேட்டனாங்கள். மூண்டு பேர், நாலு பேர் எண்டுச்சினம். சின்னப் பக்கெட் போட்டம். அது விக்காமக் கிடக்குது, பெரிசுதான் முடியுது. ஒண்டும் விளங்கேல்லை.”

அந்தப் பெண் பஸ்ஸை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“ஆர் கேட்டாலும் பொலிசில பதிஞ்ச கணக்கைத்தான் சொல்லுவினம். ஊரிலயிருந்து வந்து பதியாம நிக்கிற ஆக்களை ஆர் சொல்லுறது?”

“அப்ப உங்கட வீட்டில எத்தினை பேர்?”

சோதனைச்சாவடியில் பஸ் நின்றது. ஆமிக்காரன் ஏறினான்.

“நாலு பேர், தம்பி,” என்றாள். “எப்பவும் நாலு பேர்தான்.”