மூன்று சுழி ண

"புரோகிராம்ல என் பேரையும் போடுங்க சார்" என்று கேட்டேன். அதை மட்டும் கேட்கவே கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே பக்கத்து சீட் அக்கா சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆபீஸில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை மேடம்.

டீம் லீடர் சிரித்தார். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்மா. குடும்பத்துல யாராவது பேர் கேப்பாங்களா?"

நான் எழுதிய அந்தக் கம்ப்யூட்டர் புரோகிராமைத் திறந்தால் 'உருவாக்கியவர்' என்று அவர் பெயர் மட்டும் வரும். குடும்பத் தலைவர் போலிருக்கிறது.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. நிதானமான பெண் நான்.

விசாரிக்க வந்த உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். திரையில் எத்தனை பெட்டி இருந்தாலும், தட்டுகிற எழுத்து கர்சர் துடிக்கிற பெட்டியில்தான் விழும். அதற்குப் பெயர் ஃபோகஸ். வேறு ஜன்னலுக்கு யார் போனாலும் ஃபோகஸைப் பிடித்திழுத்து, நம் புரோகிராமில் ஆள் பெயர் தேடும் பெட்டியிலேயே உட்காரவைக்கும்படி ஒரு வரி எழுதினேன். ஒரே வரி.

லீடர் கீபோர்டைக் குனிந்து பார்த்தே தட்டுகிறவர். முடிக்கும்வரை நிமிர மாட்டார். டெமோ நடக்கும்போதே நண்பருக்கு சாட்டில் வம்பளக்கிறவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது குற்றமா?

டெமோ அன்று வாடிக்கையாளர் அம்மா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். லீடர் பணிவாகத் தலையாட்டியபடி தட்டினார். புரொஜெக்டர் வழியாகத் தேடல் பெட்டியில், சுவரில் பெரிதாக விழுந்தது: "இந்தம்மாவுக்கு ஒரு மண்ணும் புரியல மச்சி. கையெழுத்து வாங்கிடலாம்." கீழே புரோகிராம் பதில் சொன்னது: "மன்னிக்கவும், அப்படி யாரும் இல்லை." அந்த வாசகமும் நான் எழுதியதுதான்.

அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "எனக்கு நல்லாவே புரிஞ்சிடுச்சு தம்பி."

இப்போது அந்த வரியைத் தான் எழுதவே இல்லை என்று லீடர் தலையில் அடித்துக்கொள்கிறாராம். யார் நம்புவார்கள்? திறந்தால் அவர் பெயர்தானே வருகிறது. அவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று ஆபீஸே பேசுகிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அவர் நாற்காலி எனக்கு. "லூசாடி நீ? பேசாம இரு" என்றாள் அக்கா.

முடியாது மேடம். ஏழு ஜென்மம் எடுத்தாலும் அப்படியொரு வரி அவருக்கு எழுத வராது. அதையும் அவர் பேரில் விட மாட்டேன். எழுதியது நான். ராஜினாமாவை இந்த அறைக்குள் வரும் முன்பே அனுப்பிவிட்டேன். பேருக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கிளம்புகிறேன். செய்தது யார் என்று எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுதுங்கள். என் பெயரில் வருவது மூன்று சுழி ண.