யாரும் கேட்கவில்லை என்பது பதிலாகுமா?

தலைமை ஏற்றிருக்கும் மூத்த வழக்கறிஞர் வெங்கடாசலம் அவர்களே, சங்கத்து நண்பர்களே, விழுப்புரத்திலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். இந்த ஆண்டு இதே மேடையில் நான் பேசும் மூன்றாவது இரங்கல் உரை இது. களைத்துப் போயிருக்கிறேன். கொஞ்சமாகத்தான் பேசுவேன்.

வழக்கறிஞர் பார்சுவநாதன் நயினார் அவர்களை இந்தத் திண்டிவனம் கோர்ட்டில் முப்பது ஆண்டுகள் எதிர்த்து வாதாடியவன் நான். அவரைப் புகழ இவனுக்கென்ன தகுதி என்பீர்கள். எதிரே நின்றவனுக்குத்தானே ஆளைத் தெரியும்?

கிளியனூர் அஞ்சம்மாள் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். கணவர் இறந்ததும் பிழைப்புக்காகச் சென்னைக்குப் போன அந்த அம்மாள் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். அவருக்கிருந்த ஒரு காணி நிலத்தில் அவர் போன நாளிலிருந்தே அதே ஊர் பூமாலை மல்லாட்டை பயிரிட்டு வந்தார். பூமாலைக்கு நான் வக்கீல். அம்மாளுக்கு நயினார்.

கூண்டில் நின்ற பூமாலையிடம் நயினார் கேட்டது ஒன்றே ஒன்று. "இந்த நிலம் உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?"

"சும்மா கெடந்துச்சுங்க. ஓட்டிக்கினு இருந்தேன். யாரும் ஒன்னும் கேக்கலீங்க."

அடுத்தவர் நிலமானாலும் தடையில்லாமல் பன்னிரண்டு ஆண்டு அனுபவித்தால் உரிமை வந்துவிடும் என்பது நம் சட்டம். அந்தப் பதிலே எனக்குப் போதும். நயினார் என்ன செய்தார்? யூதர்களின் சட்டம் பற்றிய தடித்த நூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாதாட வந்தார். நாங்கள் சிரித்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தச் சட்டத்தில் நிலத்தைத் திருடவே முடியாது, பிடுங்கியவன் எத்தனை காலம் உட்கார்ந்தாலும் அது உடையவனுடையதுதான் என்றார். மூன்று ஆண்டு அனுபவித்தவன் பத்திரம் காட்ட வேண்டாம், ஆனால் வாங்கினேன் என்றோ கொடுத்தார்கள் என்றோ சொல்லியாக வேண்டும், யாரும் கேட்கவில்லை என்பது அங்கே பதிலாகாது என்றார். மண்ணெல்லாம் கடவுளுடையது, நாம் வந்து தங்குகிறவர்கள் என்று நம்புகிறவர்கள், உனக்கு இது எப்படி வந்தது என்று கேட்கத்தானே செய்வார்கள்?

அந்த நூல் இங்கே செல்லாது. நான் ஜெயித்தேன். அஞ்சம்மாள் இன்று அதே நிலத்தில் கூலிக்குக் களை எடுக்கிறார்.

இனி நான் சொல்லப்போவது யாருக்கும் தெரியாது. கடந்த தை மாதம் பூமாலை என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, அந்த வக்கீலு கேட்டது மனசுலயே ஒக்காந்துக்கினு இருக்குது. அந்தம்மாவுக்கே எழுதிக் குடுத்துடலாம்னு பாக்குறேங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன்? "ஜெயிச்ச நிலத்தை எவனாவது குடுப்பானா? போய் வேலையைப் பாருய்யா" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அதன் பிறகும் நயினாரோடு தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன். இதை மட்டும் சொல்லவில்லை. தன் கேள்வி வீணாய்ப் போனது என்ற நினைப்போடே அவர் போன வாரம் கண்ணை மூடினார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறைந்தவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது வழக்கம். பெரிய உறுதி எதுவும் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பூமாலை கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பூமாலை, அன்று உங்களைத் திருப்பி அனுப்பியது என் தப்பு. உங்கள் மனசு மாறாதிருந்தால் நாளைக் காலை அஞ்சம்மாளை அழைத்துக்கொண்டு வாருங்கள். பத்திரத்தை நான் எழுதுகிறேன்.